நீலப் படகு

அக்டோபர் 17, செவ்வாய்

இடது கையில் மாவுக்கட்டு. இனி ஆறு வாரத்துக்குப் பறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

நேற்று கவிழ்ந்த படகு ஒன்றிலிருந்து மூன்று பேரைத் தூக்கினோம். கதவருகே மண்டியிட்டு, கயிறு இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொள்வதுதான் ஹெலிகாப்டரில் என் வேலை. மூன்றாவது ஆள் ஏறும்போது காற்று புரட்டியது. கயிறு சுழன்று மணிக்கட்டைக் கதவுச் சட்டத்தோடு அடித்தது. ஆள் உள்ளே வந்துவிட்டார், அது போதும்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தலைவர் விங் கமாண்டர் ஃபுகன் அஸ்ஸாம்காரர், அதிகம் பேசாதவர். இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, யூனிட்டின் பழைய வரலாற்றுப் பதிவேடுகளைப் படித்துச் சுருக்கி எழுதுவது. ஜனவரியில் ஆண்டு விழா வருகிறது. இரண்டாவது, எங்கள் விமானத் தளத்தின் வாசலில் காத்திருக்கும் மீனவக் குடும்பங்களிடம் தேடுதல் விவரத்தைச் சொல்வது. "தமிழ் தெரிந்தவன் நீ ஒருத்தன்தானே மாதையன்" என்றார் இந்தியில்.

தமிழ் தெரியும், கடல் தெரியாது. நான் தர்மபுரிக்காரன். கடல் எனக்கு மேலிருந்துதான் பழக்கம்.

மனைவி சுகுணா போன் செய்தாள். கையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "லேசான சுளுக்கு" என்றேன்.

அக்டோபர் 18, புதன்

வாசலுக்கு வெளியே ஒரு பந்தல் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு இரவுப் புயலில் காணாமல் போன படகுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் எப்படியோ கரை சேர்ந்துவிட்டன. மிச்சம் 'ஆரோக்கிய தீபம்' மட்டும். நீல நிறப் படகு, ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் வீட்டார்தான் பந்தலில் இருக்கிறார்கள்.

அவர்களில் இரண்டு பேரை மறக்க முடியாது. மிக்கேலம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். படகை ஓட்டிப்போன சேசடிமையின் மனைவி. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பிரகாசி, ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் கிளீட்டஸ் அதே படகில் போயிருக்கிறான்.

காலை, மதியம், மாலை என்று மூன்று முறை போய்ச் சொன்னேன். இரண்டு ஹெலிகாப்டர்கள், இன்ன திசை, இத்தனை மணி நேரம். மேகம் தாழ்வாக இருந்ததால் பாதி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

பிரகாசி மட்டும்தான் கேள்வி கேட்டாள். "மேல இருந்து பாத்தா ஆளு தெரியுமா சார்?"

"தெரியும்மா. தலை மட்டும் தெரிஞ்சாலும் கண்டுபிடிச்சிருவாங்க."

"அவிய சட்டை பச்சை. கடலும் அதே நிறந்தானே?"



அக்டோபர் 19, வியாழன்

பிரகாசி இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. காலையில் மயங்கி விழுந்துவிட்டாள். எங்கள் மருத்துவ அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தோம். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனால் சாப்பிடாவிட்டால் நாளை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவள் பந்தலை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

மதியம் தேடப் பறந்து போனவர்கள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதப்பதைப் பார்த்துக் கீழே இறங்கினார்கள். பழைய பிளாஸ்டிக் கேன்.

மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கிக்கொண்டு போனேன். பிரகாசியிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினேன். நான்கு இட்லி சாப்பிட்டாள். எப்படிச் சாப்பிட வைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை. சாப்பிட்டாள், அவ்வளவுதான். முகத்தில் ரத்தம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பந்தலில் இன்று முகங்களே மாறியிருந்தன. யாரோ மிட்டாய் கொடுத்தார்கள். தெற்கே நீலப் படகு ஒன்றை ஹெலிகாப்டர் பார்த்ததாம், அதில் ஆட்கள் கையசைத்தார்களாம். எண்ணெய் குறைவாக இருந்ததால் திரும்பிவிட்டதாம். இப்படி ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பங்குத்தந்தை கூட வந்து என் வலது கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

ஃபுகன் சார் கூப்பிட்டுக் கேட்டார். "யார் பார்த்தது? என் பைலட்டுகள் யாரும் பார்க்கவில்லையே?"

"விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

மதியத்துக்கு மேல் பதிவேடுகளோடு உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வருடத்துக்கு முன் இரண்டே ஹெலிகாப்டர்களோடு ஒரு ஆற்று வெள்ளத்தில்தான் இந்த யூனிட் வேலையைத் தொடங்கியது. முதல் பக்கத்தைக் கையால் எழுதியிருக்கிறார்கள். 'இன்று பதினோரு பேரை ஏற்றினோம். முதியவர் ஒருவர் எருமையை விட்டு வர மறுத்தார். மறுநாள் மீண்டும் போனோம். வீடு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்.'

இன்னொரு பக்கம், மலையில் காணாமல் போன ஒருவனைப் பற்றி. 'ஒன்பது நாள் தேடினோம். கிடைக்கவில்லை. அண்ணனிடம் நேரில் சொல்லப்பட்டது.'

இப்படி நிறைய இருக்கிறது. விழா மலரில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 21, சனி

காலையில் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அந்தச் செய்தியைக் கிளப்பியது நான்தான்.

வியாழக்கிழமை பிரகாசியிடம் சொன்னேன். "இன்னைக்கு தெற்குப் பக்கம் ஒரு நீலப் படகைப் பாத்திருக்காங்கம்மா. ஆளுங்க நின்னு கையசைச்சாங்களாம். எண்ணெய் தீர்ற நேரம், அதான் திரும்பிட்டாங்க. நீ சாப்பிட்டு தெம்பா இருந்தாத்தான் அவரு வர்றப்போ பாக்க முடியும்." யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். ஒரு கேனைப் படகாக்கி, அதில் ஆட்களையும் ஏற்றினேன். அந்த நேரத்தில் அது பொய்யாகவே தோன்றவில்லை. ஒரு பெண் சாப்பிட வேண்டும், அதற்கு இது வேண்டும், அவ்வளவுதான்.

இன்று மதியம் ஃபுகன் சார் எல்லோரையும் கூப்பிட்டார். ஞாயிறு ஒரு நாள்தான் வானம் தெளிவாக இருக்கும், திங்கள் முதல் மறுபடி மழை. அந்த ஒரு நாளில் இரண்டு ஹெலிகாப்டர்களையும் தெற்கே அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கிறது. டி.வி.க்காரர்கள் அந்த நீலப் படகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். காற்று தள்ளும் திசையை வைத்துப் போட்ட எங்கள் கணக்கு மேற்கே என்கிறது. "கணக்கு தப்பலாம், கண்ணால் பார்த்தது தப்பாது" என்று யாரோ சொன்னார்களாம். சார் வரைபடத்தில் தெற்கே ஒரு கட்டம் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென்சிலை மேஜையில் வைத்தார். "மாதையன், நாளைக்கு எட்டு மணி நேரம் பறக்க முடியும். அந்த எட்டு மணி நேரத்தை ஒரு பிளாஸ்டிக் கேனுக்குக் கொடுக்க இருந்தேன்." பென்சிலை மறுபடி எடுத்தார். "உன் மேல் என்ன நடவடிக்கை என்பதைப் பிறகு பார்க்கிறேன். மேலிடத்திடம் நான் பேசுகிறேன். வாசலுக்கு நீ போ. என்னிடம் சொன்ன மாதிரியே அங்கேயும் சொல்."

வாசலுக்கு நடந்து போக ஐந்து நிமிடம் ஆகும். இன்று எவ்வளவு ஆயிற்று என்று தெரியவில்லை.

எல்லோரையும் உட்காரச் சொன்னேன். நான் நின்றேன். "படகு எதையும் யாரும் பாக்கலைங்க. நான் பொய் சொன்னேன். பிரகாசி சாப்பிடணும்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்."

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் விலக்கினார். ஒரு கிழவி மண்ணை வாரி என் காலடியில் போட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பிரகாசி என்னைப் பார்க்கவே இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கையசைச்சாவன்னு சொன்னியளே" என்றாள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, "கையசைச்சாவன்னு சொன்னியளே சார்."

போய்விடலாம் என்று திரும்பினேன். மிக்கேலம்மாள் கூப்பிட்டார்.

"நில்லுங்க. நாலு நாளா மூணு நேரமும் வந்து சொல்லிட்டுப் போறிய. நீங்களா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"என்னம்மா கேக்கணும்?"

"எங்க வீட்டுக்காரரு முப்பத்தஞ்சு வருசமா கடலுக்குப் போறாரு. எஞ்சின் நின்னா என்ன செய்வாரு, காத்து மாறுனா என்ன செய்வாருன்னு கேட்டியளா? மேல இருந்து பாத்தாப் போதுமா?"

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "கேக்கறேம்மா. சொல்லுங்க. எஞ்சின் நின்னுபோனா என்ன செய்வாரு?"

"சும்மா மெதக்க விடமாட்டாரு. இருக்க வலை எல்லாத்தையும் கட்டு கட்டா சேத்து, முன்னால அணியத்துல கயித்தப் போட்டுத் தண்ணிக்குள்ள எறக்குவாரு. அது படகப் புடிச்சு நிறுத்தும். அலை வந்தாலும் மூக்குலதான் அடிக்கும், கவுக்காது. ரெண்டு வருசத்துக்கு முன்னால இப்படித்தான் மூணு நாள் கெடந்து வந்தாரு."

"அப்போ படகு தூரமாப் போகாதா?"

"எப்படிப் போவும்? வலை தண்ணியோட இழுவைக்குத்தானே போவும், காத்தோடயா போவும்?"

அவரை அப்படியே உள்ளே கூட்டிப்போனேன். அனுமதி கேட்டது வாசலைத் தாண்டிய பிறகுதான். செருப்பைக் கழற்றப் போனவரை வேண்டாம் என்று தடுத்து, வரைபடம் விரித்த மேஜைக்கு அழைத்துப் போனேன். ஃபுகன் சார் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், மிக்கேலம்மாள் சொல்வார், நான் இந்தியில் சொல்வேன். எத்தனை வலை இருந்தது, எவ்வளவு கனம், கயிறு எவ்வளவு நீளம். கேள்விக்குக் கேள்வி பதில் வந்தது. ஒரு வார்த்தையைக் கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசியில் சார் தெற்கே போட்ட கட்டத்தை அழித்தார். மேற்கே தள்ளிப் போட்டிருந்த கட்டத்தையும் அழித்தார். கரைக்கு வெகு அருகே, நாங்கள் புதன்கிழமை மேகத்துக்குள் பறந்து முடித்த இடத்துக்குச் சற்று அப்பால், புதிதாக ஒரு கட்டம் போட்டார். காற்றோடு போகும் படகைத் தேடி நாங்கள் தினமும் மேற்கே ஓடியிருக்கிறோம். அவர்களைத் தாண்டிப் போய்விட்டோம்.

"இந்த அம்மாவைச் செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டிருக்க வேண்டும். அது என் தவறு" என்றார் சார். அதையும் மொழிபெயர்த்தேன்.

மிக்கேலம்மாள் தலையசைத்தார். "நாளைக்குப் போயிட்டு வாங்க."

சாயங்காலம் சுகுணாவுக்குப் போன் செய்தேன். எலும்பு முறிந்திருக்கிறது, உள்ளே உலோகத் தட்டு வைக்க வேண்டியிருக்கலாம் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். நீங்க எப்ப சொல்றீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

கழுவி விட்டது போல வானம். ஆறரைக்கு இரண்டும் கிளம்பின.

ரேடியோ அறையில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் யாரும் போகச் சொல்லவில்லை.

பத்து மணி வரை ஒன்றுமில்லை. எண்ணெய் நிரப்ப வந்து மறுபடி போனார்கள். பதினொன்று நாற்பதுக்குக் குரல் வந்தது. நீலப் படகு. முன்னால் கயிறு தண்ணீருக்குள் போகிறது. ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள்.

கையசைக்கிறார்கள்.

ஃபுகன் சார் மைக்கை வாங்கி, "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் படுத்திருக்கிறார். தார்ப்பாயில் சுற்றியிருக்கிறது. சார், முகத்தையும் மூடியிருக்கிறது."

யார் என்று தெரியவில்லை. நால்வரைத் தூக்கி, தரையிறங்கி, பெயர் கேட்கும் வரை தெரியாது. அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

"இறங்கிய பிறகு சொல்லலாமா?" என்று சார் கேட்டார். எனக்கு உத்தரவிடவில்லை, கேட்கத்தான் செய்தார்.

"இப்பவே சொல்றேன் சார்."

பந்தலில் என்னைக் கண்டதும் யாரும் எழுந்திருக்கவில்லை. நேற்றைக்குப் பிறகு என் வாயிலிருந்து வருவதை நம்பும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மிக்கேலம்மாள் மட்டும் ஜெபமாலையை நிறுத்தினார்.

"படகு கெடைச்சிருச்சு. நீங்க சொன்ன எடத்துலதான், நீங்க சொன்ன மாதிரியே வலையை எறக்கி வெச்சிருக்காங்க. நாலு பேரு உசிரோட இருக்காங்க. ஒருத்தர் எறந்துட்டாரு. யாருன்னு இன்னும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் மொதல்ல இங்கதான் வந்து சொல்வேன்."

அழுகை எழும் என்று நினைத்தேன். எழவில்லை. ஐந்து குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எந்த வீடு என்று யாருக்கும் தெரியாத அந்த ஒரு மணி நேரம் யாரும் அழத் துணியவில்லை, சந்தோஷப்படவும் துணியவில்லை. பிரகாசி நகர்ந்து வந்து மிக்கேலம்மாளின் தோளில் சாய்ந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கிளீட்டசா இருக்காதுட்டீ. அவன் சின்னப் பய. நல்ல தெம்புள்ள பய" என்றார். தன் கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஹெலிகாப்டர் இறங்கியது. நான் ஓடினேன். முதலில் இறங்கியவன் பச்சைச் சட்டை. உதடு வெடித்து, முகம் தோலுரிந்து, நிற்க முடியாமல் நின்றான். "கிளீட்டஸா?" என்றேன். தலையசைத்தான். அடுத்த மூவரின் பெயர்களையும் கேட்டேன். மூவரில் யாருக்கும் சேசடிமையின் வயதில்லை. கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டேன்.

கிளீட்டஸ் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். "மாமாவக் கடல்ல விடல சார். நாங்க விடல. மாமி கேப்பாவல்லா."

உடலைக் கொண்டுவரக் கப்பல் போயிருக்கிறது, நாளைக்குள் வந்துவிடும் என்று சொன்னேன். அது உண்மை என்பதை ரேடியோ அறையில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

வாசலுக்குத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தே மிக்கேலம்மாள் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"சேசடிமை அய்யா எறந்துட்டாரும்மா. வெள்ளிக்கிழமை காலையில. மத்த நாலு பேரும் வந்துட்டாங்க."

பிரகாசியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவன் வந்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். மிக்கேலம்மாள் அவளைத் தள்ளிவிட்டார். "போட்டீ. போய் அவனப் பாரு. என்னைய அப்புறம் பாக்கலாம், போ." அவள் போன பிறகுதான் அவர் அழுதார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை எதுவும் எனக்கு இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

மழை. கப்பல் சேசடிமையைக் கொண்டுவந்தது. துறைமுகத்தில் மிக்கேலம்மாள் அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடலோட போவாம வந்துட்டியளே" என்றார்.

எனக்கு எழுத்து மூலம் கண்டனம். ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. குறைவுதான்.

காலையும் மாலையும் ஆஸ்பத்திரியில் நால்வரோடும் தனித்தனியாக உட்கார்ந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். சேசடிமையின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொருவர் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் எழுதினேன்.

அக்டோபர் 25, புதன்

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று சாதாரணச் சட்டையில் அவர்கள் ஊருக்குப் போனேன். மிக்கேலம்மாள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பிரகாசி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மன்னிக்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அப்போதும் பேசாமலே போனாள்.

மிக்கேலம்மாள் வெள்ளைச் சேலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். காகிதங்களைக் காட்டி, "அய்யாவோட இருந்தவங்க சொன்னதை எழுதிட்டு வந்திருக்கேன். வேணும்னா வாசிக்கறேன். கஷ்டமான எடமும் இருக்கும்மா. வேண்டாம்னா அதை விட்டுட்டு வாசிக்கறேன்" என்றேன்.

"எதையும் விடாதிய. எல்லாத்தையும் வாசியுங்க."

வாசித்தேன். ஞாயிறு இரவு எஞ்சின் நின்றதை, அவர் வலைகளைக் கட்டி அணியத்திலிருந்து இறக்கியதை, மூன்றாவது கட்டு வலையை இறக்கும்போது அலை அவரைத் தூக்கி எஞ்சின் மேல் போட்டதை வாசித்தேன். நெஞ்செலும்பு உடைந்திருக்க வேண்டும். நான்கு நாள் மூச்சு விடும்போதெல்லாம் வலித்திருக்கிறது. அந்த வலியோடும் இருந்த தண்ணீரை மூடியால் அளந்து கொடுத்திருக்கிறார், சின்னவர்களுக்கு முதலில். வியாழக்கிழமை ஒரு முறை கோபத்தில் எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். அதை வாசித்தபோது மிக்கேலம்மாளின் உதடு லேசாக விரிந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது கரை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். கிளீட்டஸ் காட்டியிருக்கிறான். அந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பேசவில்லை.

முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். வெளியே யாரோ வலையை உதறும் சத்தம். உள்ளறையில் கிளீட்டஸ் இருமினான், பிரகாசி அவனிடம் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

மிக்கேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார். இன்னொரு தடவ வாசியுங்க."

மடித்ததைப் பிரித்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.